பகீரதனுக்கு முன்னே இருவர்



போன மாதம் கிள்ளான் கிளையில் பேசியதை எழுத்தாக்கித் தரும்படி இதழாசிரியர் கேட்டுக்கொண்டார். எழுதித் தருகிறேன். பேச்சு வாடை அங்கங்கே அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1941-ஆம் ஆண்டு இதே கிள்ளான் வட்டாரத்தில் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்போது அவர்கள் வைத்த கோரிக்கைகளை நீங்கள் ஒருமுறையாவது படிக்க வேண்டும். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கிற கூலியை எங்களுக்கும் கொடு என்று கேட்டார்கள். பிள்ளைகளுக்குப் படிப்பு, ஒழுங்கான மருத்துவ வசதி, தமிழ் தெரிந்த அலுவலர்கள் வேண்டும் என்றார்கள். தோட்டத்துக் கள்ளுக்கடையை மூடு, எங்கள் வீட்டுப் பெண்களிடம் கைநீட்டுவதை நிறுத்து, உறவுக்காரர்கள் எங்களைப் பார்க்க வந்தால் தடுக்காதே, குறை சொன்னவனைப் பழிவாங்காதே என்றார்கள். இவற்றுக்கு நடுவிலே இன்னொரு கோரிக்கையும் இருக்கிறது. துரைக்கும் கிராணிக்கும் முன்னால் தொழிலாளி சைக்கிளில் உட்கார்ந்தபடி போக அனுமதி வேண்டும்.

இதை நான் சொன்னதும் கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். சிரிப்பு வரத்தான் செய்யும். கூலி சரி, பள்ளிக்கூடம் சரி, சைக்கிளுக்குப் போய் வேலைநிறுத்தமா?

அன்றைய வழக்கம் தெரிந்தால் சிரிப்பு நின்றுவிடும். தொழிலாளி தோட்டத்துச் செம்மண் சாலையில் சைக்கிள் மிதித்து வருகிறான். எதிரே வெள்ளைக்காரத் துரையோ பெரிய கிராணியோ வருகிறார். உடனே இவன் இறங்க வேண்டும். ஓரமாக ஒதுங்கி நிற்க வேண்டும். அவர் கடந்துபோன பிறகுதான் மறுபடி ஏறலாம். சைக்கிள் அவன் காசில் வாங்கியது. பால் வெட்டி, வாளி சுமந்து, சேர்த்து வைத்து வாங்கியது. போகிற இடம் லயத்து வீடாக இருக்கும், இல்லாவிட்டால் கோயிலாக இருக்கும். ஆனாலும் இறங்க வேண்டும். அப்பா இறங்குவதை, பின்னால் உட்கார்ந்து வருகிற பிள்ளை பார்த்துக்கொண்டே இருக்கும்.

கூலி குறைந்தால் வயிறு வாடும். இது வாட்டுவது வேறு ஒன்றை. நம் சைவ மரபில் தலை என்பது இறைவனுக்கு முன் தாழ்வதற்கு உள்ளது. பெரியவர்களைக் கண்டால் அன்பினால் தாழும். பயத்தினால் தாழக்கூடாது. அப்பர் பெருமான் கதையை ஞாயிறு வகுப்பில் எல்லாரும் படித்திருக்கிறீர்கள். பல்லவ மன்னன் அழைத்து வரச் சொன்னபோது, நான் உனக்கு ஆட்பட்டவன் இல்லை என்று அந்த அதிகாரிகளிடமே பாடி அனுப்பியவர் அவர். நீற்றறையில் ஏழு நாள் அடைத்தார்கள். நஞ்சு கொடுத்தார்கள். யானையை ஏவினார்கள். கல்லோடு கட்டிக் கடலில் போட்டார்கள். அவர் கையில் ஆயுதம் எதுவும் இருந்ததில்லை. பின்னாளில் அவர் தோளில் சுமந்ததும் உழவாரம்தான், கோயில் முற்றத்தில் புல் செதுக்குகிற கருவி. கிள்ளான் தோட்டத்துத் தமிழன் 'சைக்கிளை விட்டு இறங்க மாட்டேன்' என்று எழுதிக் கொடுத்தபோது அவனுக்கு அப்பர் பாடல் எத்தனை தெரிந்திருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு. தெரிந்திருந்தாலும் தெரியாவிட்டாலும், அந்தப் பரம்பரையில் வந்தவன்தான் அவன்.

சரி, அவர்களுக்குப் பயமே இல்லையா? இருந்தது. இல்லாமல் எப்படி இருக்கும்? தோட்டத்தை விட்டு வெளியேற்றினால் வீடு போய்விடும், ஏனென்றால் வீடும் தோட்டத்துடையது. ரேஷன் போய்விடும். பிள்ளை குட்டியோடு நடுரோட்டில் நிற்க வேண்டும். கப்பல் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், அங்கே போனால் நிலமும் இல்லை, கடன்தான் இருக்கும்.

நம் இளைஞர்களில் பலபேர் தைரியம் என்றால் பயம் இல்லாத நிலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சினிமா பார்த்து வந்த நினைப்பு அது. கீதையின் முதல் அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள். அர்ஜுனனுக்கு உடம்பு நடுங்குகிறது. வாய் உலர்கிறது. மயிர்க்கூச்செறிகிறது. காண்டீபம் கையிலிருந்து நழுவுகிறது. உலகத்தின் மிகப் பெரிய வில்லாளியைப் பற்றி வியாசர் இதை மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார். உறவினர்களைக் கொல்லும் பாவத்தை நினைத்து வந்த கலக்கம் அது என்பது உண்மை. ஆனால் உடம்பு காட்டுகிற அடையாளங்கள் எல்லாம் நமக்குத் தேர்வு மண்டபத்திலும் மேலதிகாரி அறையிலும் வருகிற அதே அடையாளங்கள்தான். பதினாறாவது அத்தியாயத்தில் தெய்வீகக் குணங்களை வரிசையாகச் சொல்லும்போது பகவான் முதலில் வைப்பது 'அபயம்', அதாவது அச்சமின்மை. முதல் அத்தியாயத்து நடுக்கத்துக்கும் பதினாறாம் அத்தியாயத்து அபயத்துக்கும் நடுவே எவ்வளவு பேச்சு நடக்கிறது பாருங்கள். நடுங்கியவன் தேரை விட்டு ஓடாமல், தேரிலேயே உட்கார்ந்து கேள்வி மேல் கேள்வி கேட்டான். எனக்கு அதுதான் அவனுடைய முதல் தைரியமாகத் தெரிகிறது.

இனி கிள்ளானில் நடந்ததைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். நம் வீட்டுக்குப் பக்கத்திலே நடந்ததை நாம் தெரிந்துகொள்ளாமல் இருப்பது எனக்கு எப்போதும் வருத்தம்.

1941-இல் ஐரோப்பாவில் போர் நடந்துகொண்டிருந்தது. ரப்பருக்கு நல்ல கிராக்கி. விலைவாசியும் ஏறியது. ஆனால் தமிழனின் கூலி மட்டும் ஒரு நாளைக்கு 50 காசு என்ற கணக்கிலேயே நின்றது, பெண்களுக்கு அதைவிடக் குறைவு. 'தமிழ் நேசன்' நாளிதழில் துணையாசிரியராக இருந்த ஆர்.எச். நாதன் கிள்ளான் தோட்டங்களுக்குள் போய்ப் பேச ஆரம்பித்தார். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் உருவானது. தொழிலாளர்கள் கள்ளைப் புறக்கணித்தார்கள். காந்தி குல்லா அணிந்தார்கள். குல்லாவைக் கண்டே சில துரைமார்களுக்குக் கோபம் வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு முழத் துணி! ஆண்டின் தொடக்கத்தில் நடந்த வேலைநிறுத்தங்களால் கூலியில் சில காசுகள் ஏறின. ஆனால் மற்றக் கோரிக்கைகள் அப்படியே கிடந்தன. சைக்கிள் கோரிக்கையும்தான்.

மே மாதத் தொடக்கத்தில் நாதனைக் கைது செய்தார்கள். அவரை விடச் சொல்லித் தொழிலாளர்கள் திரண்டார்கள். வேலைநிறுத்தம் கிள்ளானைத் தாண்டி மற்ற வட்டாரங்களுக்கும் பரவியது. மே 16-ஆம் தேதி சிலாங்கூரில் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டது. ராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். பலபேர் சிறைக்குப் போனார்கள், பலபேர் நாடு கடத்தப்பட்டார்கள். நாதனும் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். சில தோட்டங்களில் நம்மவர்கள் கோபமும் எல்லை மீறியது உண்டு, அதை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை. எப்படியிருந்தாலும் முடிவு ஒன்றுதான். வேலைநிறுத்தம் உடைந்தது. பெரும்பாலோர் பழைய பிரட்டுக்களத்துக்கே திரும்பி, பேர் கூப்பிடும்போது கை தூக்கினார்கள்.

ஏழு மாதத்தில் ஜப்பான்காரன் கோத்தா பாருவில் வந்து இறங்கினான். துரைமார்கள் ஓடினார்கள். ஆனால் அது நம்மவர்களுக்கு விடுதலையாக அமையவில்லை. அதே தோட்டங்களிலிருந்து ஆண்களை அள்ளிக்கொண்டு போய் சயாம் ரயில் பாதையில் போட்டார்கள். பல்லாயிரம் தமிழர்கள் அங்கே காட்டில் மடிந்தார்கள். அவர்களில், சைக்கிளில் உட்கார்ந்து போக அனுமதி கேட்டவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

கிள்ளானில் நான் இந்த இடத்தில் நிறுத்தியபோது பின்வரிசையில் இருந்த ஒரு தம்பி கை தூக்கினார். "ஐயா, அப்போ அவங்க தோத்துட்டாங்கதானே? இதுல நமக்கு என்ன தைரியம் கிடைக்குது?"

நல்ல கேள்வி. சபை மரியாதைக்காகப் பேசாமல் இருந்துவிடாமல் கேட்டாரே, அதற்கே அவரைப் பாராட்ட வேண்டும். அந்தத் தம்பி சும்மா கேட்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன்னால் கங்கை கதையைச் சொல்லிவிடுகிறேன்.

'பகீரதப் பிரயத்தனம்' என்று நாம் சொல்கிறோம். பகீரதன் தவம் செய்து கங்கையைக் கொண்டுவந்தான் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் கதை அவனிடம் தொடங்கவில்லை. அயோத்தி மன்னன் சகரனுக்கு அறுபதாயிரம் பிள்ளைகள். அசுவமேதக் குதிரையைத் தேடிப் பூமியைத் தோண்டிக்கொண்டு போய், கபில முனிவரைத் திருடன் என்று தப்பாக எண்ணிப் பாய்ந்தார்கள். அவர் கோபத்தில் சாம்பலானார்கள். அவர்களைத் தேடிப் போனவன் சகரனின் பேரன் அம்சுமான். சாம்பலைப் பார்த்தான். நீர்க்கடன் செய்யலாம் என்றால் பக்கத்தில் ஒரு துளி நீர் இல்லை. கருடன் வந்து, சாதாரண நீர் இவர்களைக் கரையேற்றாது, வானத்துக் கங்கைதான் வர வேண்டும் என்றார்.

அம்சுமான் அரசனானான். பிறகு ராஜ்யத்தை மகன் திலீபன் கையில் கொடுத்துவிட்டு இமயத்துக்குப் போனான். முப்பத்தீராயிரம் ஆண்டு தவம் என்கிறது வால்மீகி ராமாயணம். கங்கை வரவில்லை. அங்கேயே அவன் ஆயுள் முடிந்தது. திலீபன் நல்ல அரசன், எத்தனையோ யாகம் செய்தான். முன்னோர்களை எப்படிக் கரையேற்றுவது என்ற கவலை அவனை விடவில்லை. வழி தெரியவில்லை. நோய்வாய்ப்பட்டு இறந்தான். அவனுக்கும் கங்கை வரவில்லை.

இந்த இரண்டு பேருக்கும் கோயில் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? அவர்கள் பேரில் பழமொழி இருக்கிறதா? பிள்ளைக்கு அம்சுமான் என்று பேர் வைப்பார்களா? கிடையாது. ஆனால் அம்சுமான் அந்தச் சாம்பலைப் பார்த்துவிட்டு, 'நடந்தது நடந்துபோச்சு' என்று குதிரையை மட்டும் ஓட்டிக்கொண்டு வந்து வாயை மூடியிருந்தால் திலீபனுக்கு விஷயமே தெரியாது. திலீபன் கவலைப்படாமல் நிம்மதியாக ராஜ்யம் ஆண்டிருந்தால் பகீரதன் காதுக்கு அது போயிருக்காது. அவர்கள் கங்கையைக் கொண்டுவரவில்லை. கடனைக் கையளித்தார்கள்.

பகீரதனுக்கு மட்டும் எல்லாம் சுலபமாக நடந்ததா? கோகர்ணத்தில் தவம் செய்தான். பிரம்மா வந்து வரம் கொடுத்தார். முடிந்ததா? இல்லை. கங்கை விழுகிற வேகத்தைப் பூமி தாங்காது, சிவபெருமானைக் கேள் என்றார். இன்னொரு தவம், ஒரு வருஷம் கட்டைவிரலில் நின்று. சிவபெருமான் இசைந்தார். கங்கை இறங்கினாள், கர்வத்தோடு. ஈசன் அவளைச் சடைக்குள்ளே அடக்கிவிட்டார், ஒரு சொட்டு வெளியே வரவில்லை. மூன்றாவது முறையாகத் தவம். ஒருவழியாக வெளியே வந்து பகீரதன் தேருக்குப் பின்னால் ஓடி வருகிறாள், வழியில் ஜன்னு முனிவரின் யாகசாலையை அடித்துக்கொண்டு போனாள். அவர் அவளை எடுத்துக் குடித்தே விட்டார்! மறுபடி கெஞ்சல். காது வழியே விட்டார்.

சின்ன வயதில் இந்தக் கதையைக் கேட்டபோது ஜன்னு முனிவர் கட்டத்தில் எனக்குக் கோபம் வரும். இத்தனைக்கும் பிறகு இவர் வேறயா என்று. இப்போது அந்தக் கட்டம்தான் எனக்குப் பிடித்தது. ஏதாவது ஒரு பொதுக் காரியத்தில் இறங்கி வேலை பார்த்தவர்களுக்கு ஜன்னு முனிவர் யார் என்று தெரியும். எல்லாக் கையெழுத்தும் வாங்கியாச்சு, எல்லாக் கதவும் திறந்தாச்சு என்று நினைக்கும்போது எங்கிருந்தோ வருவார்.

கிள்ளானுக்கு வருவோம். 1941-இல் கள்ளுக்கடையை மூடு என்று கேட்டார்கள், மூடவில்லை. போர் முடிந்ததும் கெடா தோட்டங்களில் தொண்டர் படை என்று இளைஞர்கள் கிளம்பினார்கள். உங்கள் வயதுப் பிள்ளைகள்தான். அதே கள்ளுக்கடைக்கு எதிரே போய் நின்றார்கள். அவர்களையும் ஒடுக்கினார்கள். ஆனால் தோட்டத்தில் சங்கம் என்ற சொல் சாகவில்லை. 1954-இல் பல சங்கங்கள் சேர்ந்து ஒரே தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாயின. 1957-இல் நாடு சுதந்திரம் அடைந்தது.

சுதந்திரம் வந்ததும் ஜன்னு முனிவரும் வந்தார். வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றார்கள். இரண்டு தலைமுறை, மூன்று தலைமுறை பாடுபட்டவர்கள் லயத்தை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. போராடுவதற்கு எதிரே ஒரு துரைகூட இல்லாத நிலை அது. அந்த நேரத்தில்தான் துன் வீ.தி. சம்பந்தன் ஒரு யோசனை சொன்னார். தோட்டம் விற்பனைக்கு வருகிறதா, நாமே வாங்குவோம். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. 100 வெள்ளிப் பங்குக்குப் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டலாம். பால் வெட்டுகிறவனுக்கு அன்றைக்குப் பத்து வெள்ளி என்பது சின்னத் தொகை இல்லை. நம்பிக்கையும் சுலபமாக வரவில்லை. கூலிக்காரன் சேர்ந்து எஸ்டேட் வாங்குவதாவது என்று கேலி பேசியவர்கள் உண்டு. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போனார். மக்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கொடுத்தார்கள். முதலில் வாங்கியது கெடாவில் உள்ள புக்கிட் சிடிம் தோட்டம்.

பிரிக்பீல்ட்ஸில் இறங்கி, பூக்கடையும் புடவைக்கடையும் பார்த்துக்கொண்டு நடக்கிறோமே, துன் சம்பந்தன் சாலை, அந்தப் பெயர்ப்பலகையைப் பார்க்கும்போது எனக்கு அமைச்சர் சம்பந்தன் நினைவு வருவதில்லை. முந்தானையில் முடிந்து வைத்திருந்த பத்து வெள்ளியை அவிழ்த்துக் கொடுத்த யாரோ ஒரு அம்மா நினைவுதான் வரும். எல்லாத் தோட்டத்தையும் காப்பாற்ற முடியவில்லை. காப்பாற்றியவை கொஞ்சம், கைவிட்டுப் போனவை அதிகம். ஆனாலும் 1941-இல் சாலையில் சைக்கிளை விட்டு இறங்க வேண்டியிருந்தவர்கள், இருபது வருஷத்துக்குள் ஒரு முழுத் தோட்டத்துக்குப் பங்குதாரர்கள் ஆனார்கள். நாடு கடத்தப்பட்ட நாதனுக்கோ, சுடப்பட்ட ஐந்து பேருக்கோ இது தெரியாது. அம்சுமானுக்குக் கங்கை தெரியாததுபோல.

இங்கே கீதையை ஒருமுறை தொட்டுவிட்டுப் போகிறேன். கடமையைச் செய், பலனில் உரிமை கொண்டாடாதே என்பதை நம் ஆட்கள் சிலர் வசதியாகத் திருப்பி வைத்திருக்கிறார்கள். 'செஞ்சோம், நடந்தா நடக்கட்டும், நடக்காட்டி போகட்டும்' என்று அரைகுறையாக வேலை பார்த்துவிட்டு, நிஷ்காம கர்மம் என்று பேர் வைக்கிறார்கள். எனக்கு இதைக் கேட்டால் எரிச்சல் வரும். அர்ஜுனன் குறி பார்க்காமல் அம்பு விட வேண்டும் என்று கிருஷ்ணர் சொல்லவில்லை. குறி பார்த்துத்தான் விட வேண்டும். காகிதத்தில் எழுத்துப்பிழை இல்லாமல், நகல் எடுத்து, தேதி குறித்து, சாட்சி சேர்த்து, ஒழுங்காகச் செய்ய வேண்டும். அதன்பின் வருகிற முடிவு உன் கையில் இல்லை என்றுதான் பகவான் சொல்கிறார். இந்த வழியில் எடுத்த முயற்சி வீணாகாது என்றும் இரண்டாம் அத்தியாயத்தில் உறுதி சொல்கிறார். வீணாகாது என்றால் உடனே பலிக்கும் என்று பொருள் இல்லை. யாருக்குப் பலிக்கும் என்றும் அவர் சொல்லவில்லை.

இப்போது அந்தப் பின்வரிசைத் தம்பிக்கு வருகிறேன்.

கிள்ளான் கிளை இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமை கூட்டுப்பிரார்த்தனை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் ஒரு மேசை போட்டு உட்காருகிறார்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்கள், வயதாகியும் இன்னும் சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கிற பாட்டி தாத்தாக்கள், இவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது, கூடவே அலுவலகத்துக்குப் போவது. இதுதான் அவர்கள் தொண்டு. பெரிய விளம்பரம் இல்லாத வேலை. படம் எடுத்துப் போட்டால்கூட யாரும் விரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அந்தத் தம்பி துறைமுகப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கிறார். அவர் கையில் ஒரு தங்கச்சியின் கோப்பு இருக்கிறது. அப்பா குடியுரிமை உள்ளவர். அம்மா பழைய தோட்டத்தில் பிறந்தவர், அவர் பிறப்பை யாரும் பதியவில்லை. லயத்திலே பிரசவம், மருத்துவச்சி பார்த்தது. அப்பாவும் அம்மாவும் கோயிலில் தாலி கட்டிக் கல்யாணம் செய்தார்கள், பதிவு செய்யவில்லை. நம் நாட்டில் 1982 மார்ச் முதல் முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பதிவில்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளை தாயின் நிலையைத்தான் பெறும். தாய்க்குக் காகிதம் இல்லை, ஆகவே பிள்ளைக்கும் இல்லை. (கல்யாணம் ஆகப்போகிற தம்பி தங்கைகள் இதைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அக்னி சாட்சி வேண்டும், பதிவாளர் சாட்சியும் வேண்டும். முதலாவதுக்கு நாள் பார்க்கிற பெரியவர்கள் இரண்டாவதுக்கும் நாள் பார்க்கச் சொல்லுங்கள்.)

விண்ணப்பம் இரண்டு தடவை போய்த் திரும்பியது. மூன்று வருஷம் ஓடிவிட்டது. இந்த விண்ணப்பத்துக்கு வயது வரம்பு உண்டு, அந்தப் பிள்ளைக்கு அது நெருங்கிக்கொண்டிருக்கிறது. நல்லாப் படிக்கிற பிள்ளை. அதைவிட, நல்லாப் படிக்காத பிள்ளையாக இருந்தாலும் அவளுக்கு அந்த அட்டை வேண்டும்தானே.

கூட்டம் முடிந்ததும் தம்பி என்னிடம் தனியாக வந்தார். "ஐயா, நான் ஒதுங்கிக்கிறேன். அந்தப் பிள்ளை முகத்தைப் பார்க்க முடியல. ஒவ்வொரு ஞாயிறும் வந்து நிக்குது. என்னால ஒண்ணும் ஆகல."

அம்சுமானை நினைச்சுப் பாருங்க தம்பி, என்றேன்.

அவர் விடவில்லை. "அம்சுமான் ராஜா ஐயா. அவருக்கு லீவு கேக்க வேண்டிய அவசியமில்ல. எனக்கு ஒரு நாள் லீவு போட்டா அலவன்ஸ் போயிடும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சொல்வது நியாயம். புராணத்தில் ராஜாக்கள் ராஜ்யத்தை மந்திரியிடம் கொடுத்துவிட்டுத் தவத்துக்குப் போகிறார்கள். இரவு வேலை முடித்து, தூங்காத கண்ணோடு அலுவலக வரிசையில் எண் வாங்கி உட்காருகிற தவத்தை எந்த வால்மீகியும் எழுதவில்லை. அதனால் அவரிடம் வேறு ஒன்று கேட்டேன். நீங்கள் ஒதுங்கினால் இந்தக் கோப்பை யாரிடம் கொடுப்பீர்கள்? யாருக்கு இதில் உள்ள விவரம் எல்லாம் தெரியும்?

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "யாருக்கும் தெரியாது ஐயா. எல்லாம் என் மண்டையிலதான் இருக்கு."

அப்படியானால் ஒதுங்குவதற்கு முன்னால் அதையாவது எழுதிக் கொடுங்கள், என்றேன். எந்தத் தேதியில் போனீர்கள், என்ன சொன்னார்கள், எந்தக் காகிதம் குறைந்தது, யாரைப் பார்த்தீர்கள். அவரைத் தொண்டில் பிடித்து வைக்க நான் போட்ட தந்திரம் இது என்று நினைக்காதீர்கள். களைத்தவனுக்கு ஓய்வு வேண்டும், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் கருடன் சொன்னதை அம்சுமான் மகனிடம் சொல்லாமல் போயிருந்தால் அது துரோகம்.

அடுத்த ஞாயிறு ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தில் பதினோரு பக்கம் எழுதிக் கொண்டுவந்தார். கிளையின் புதுப் பொறுப்பாளர், பல்கலைக்கழகத்தில் படிக்கிற ஒரு தங்கை, அதைப் படித்தார். ஆறாம் பக்கத்தில் விரலை வைத்தார். "அண்ணா, இந்தத் தோட்டத்துல கோயில் இருந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. தோட்டம் போச்சு சரி. கோயில் எங்க போச்சு?"

மூன்று வருஷமாக யாருக்கும் தோன்றாத கேள்வி. தம்பிக்கே தோன்றவில்லை, அவர் ஆஸ்பத்திரிப் பதிவேட்டையும் தோட்ட அலுவலகப் புத்தகத்தையும்தான் தேடிக்கொண்டிருந்தார். தோட்டம் வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. அம்மன் கோயிலை மட்டும் காப்பார் சாலைப் பக்கம் மாற்றி வைத்திருக்கிறார்கள். இரண்டு பேரும் போய்ப் பூசாரியைப் பார்த்தார்கள். அவர் உள்ளே இருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்து வந்தார். பழைய திருவிழா வரிக் கணக்கு. எந்த லயம், எந்த வீடு, வீட்டில் எத்தனை பேர், எவ்வளவு கொடுத்தார்கள் என்று வருஷாவருஷம் எழுதி வைத்திருக்கிறார்கள். கரையான் பாதி தின்றுவிட்டது. மீதியில் அந்தப் பிள்ளையின் தாத்தா பேர் இருக்கிறது. ஒரு வருஷம் வீட்டில் நான்கு பேர். அடுத்த வருஷம் ஐந்து. பக்கத்தில் யாரோ ஒரு கணக்கப்பிள்ளை, 'பெண் குழந்தை' என்று எழுதி, தேங்காய் ஒன்று என்று குறித்திருக்கிறார்.

இது சட்டப்படி எவ்வளவு தூரம் நிற்கும் என்று ஒரு வழக்கறிஞர் பார்த்துக்கொண்டிருக்கிறார். தனியாக இது போதாது, அந்தத் தோட்டத்தில் வாழ்ந்த பெரியவர்கள் இரண்டு பேரின் சத்தியப் பிரமாணமும் வேண்டும் என்றார். ஒருவர் கிடைத்துவிட்டார், பந்திங்கில் மகள் வீட்டில் இருக்கிறார், காது கொஞ்சம் மந்தம். இன்னொருவரைத் தேடுகிறோம். தம்பி இன்னும் ஒதுங்கவில்லை. புதன்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்திருக்கிறார், அலவன்ஸ் போகும் என்று தெரிந்துதான். காலை எட்டு மணிக்கு வேனை எடுக்கிறோம். 1970-களில் காப்பார் பக்கத் தோட்டங்களில் இருந்த தாத்தா பாட்டி உங்கள் வீட்டில் இருந்தால், அதற்குள் கிளைக்கு ஒரு தகவல் சொல்லுங்கள்.